ஹீமோகுளோபின், பிலிரூபின் அளவுகளைக் கருவி கணக்கிடும் விதமும், அவற்றைச் சரிபார்த்துத் திருத்தும் வழியும்

இரத்தப் பகுப்பாய்வுக் கருவியின் திரையில் தோன்றும் ஹீமோகுளோபின் அளவோ, ஹீமோகுளோபின் சிதைவதால் உண்டாகும் மஞ்சள் நிறமியான பிலிரூபினின் அளவோ நேரடியாக அளந்து பெற்ற எண் அன்று. பெரும்பாலான கருவிகள் உண்மையில் அளப்பது ஒன்றை மட்டுமே: குறிப்பிட்ட அலைநீளத்தில் செலுத்திய ஒளியில் எவ்வளவு மாதிரிக்குள் மறைந்துபோனது என்பதை. அந்த அளவிலிருந்து பிற பொருள்களின் பங்கைக் கழித்து, நீர்த்தலுக்காகப் பெருக்கி, சில கருவிகளில் பிளாஸ்மாவின் விகிதத்தால் வகுத்த பிறகே முடிவு வெளிவருகிறது. எதைக் கழித்தார்கள், எதனால் வகுத்தார்கள் என்பதை அறிந்தவருக்கு, ஒரு முடிவு எப்போது நம்பத்தக்கது, எப்போது திருத்தத்தக்கது, எப்போது வெளியிடவே தகாதது என்பது விளங்கும். ஆய்வக நுட்பநர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்தக் கணக்கையும் அதன் அடிப்படையில் செய்ய வேண்டிய சோதனைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹீமோகுளோபின் கணக்கின் அடித்தளம்

எல்லாக் கணக்குகளுக்கும் வேராக இருப்பது பீர்–லாம்பர்ட் விதி. ஒளி உறிஞ்சல் என்பது பொருளின் செறிவு, ஒளி கடக்கும் பாதையின் நீளம், அப்பொருளுக்கே உரிய உறிஞ்சல் மாறிலி ஆகிய மூன்றின் பெருக்கல். மாறிலியும் பாதை நீளமும் தெரிந்திருந்தால், உறிஞ்சலை அளந்து செறிவைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரே வடிவில் இருப்பதில்லை; ஆக்சிஜன் ஏற்றது, ஏற்காதது, கார்பன் மோனாக்சைடு பிணைந்தது, இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த மெத்ஹீமோகுளோபின் என ஒவ்வொன்றும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுகிறது. ஆகவே அனைத்தையும் ஒரே நிறமியாக மாற்றிவிட்டு அளப்பதே பழைய, இன்றும் மேற்கோள் முறையாக (பிற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தர முறையாக) நிற்கும் வழி. டிராப்கின் கரைசலில் உள்ள பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரும்பை ஆக்சிஜனேற்றி மெத்ஹீமோகுளோபின் ஆக்குகிறது. பொட்டாசியம் சயனைடு அதனுடன் இணைந்து சயன்மெத்ஹீமோகுளோபின் உருவாகிறது. இதன் உறிஞ்சல் 540 நானோமீட்டரில் அளக்கப்படுகிறது.

இதில் வரும் எண்களை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. 20 மைக்ரோலிட்டர் இரத்தத்தை 5 மில்லிலிட்டர் கரைசலில் கலந்தால் நீர்த்தல் 251 மடங்கு. ஹீமோகுளோபினின் நான்கு அலகுகளில் ஒன்றின் மூலக்கூறு எடை 16,114.5, அந்த அலகுக்கான மில்லிமோலார் உறிஞ்சல் மாறிலி 11.0. ஒரு சென்டிமீட்டர் பாதை நீளமுள்ள கியூவெட்டில் (ஒளி புகும் சிறு கலத்தில்) உறிஞ்சலை 16,114.5-ஆலும் 251-ஆலும் பெருக்கி, 11.0-ஆலும் 1000-ஆலும் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், உறிஞ்சலை 367.7-ஆல் பெருக்க வேண்டும். உறிஞ்சல் 0.408 எனில் முடிவு லிட்டருக்கு 150 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 15.0 கிராம்.

இந்தப் பெருக்கெண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கரைசலில் ஏதோ ஒரு கலங்கலால் உறிஞ்சல் 0.050 மட்டும் கூடினால், முடிவு டெசிலிட்டருக்கு 1.8 கிராமுக்கு மேல் உயர்ந்துவிடும். இரத்தம் ஏற்றலாமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றக்கூடிய வித்தியாசம் அது. ஹீமோகுளோபின் அளவீட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை உயர்வை நோக்கியே செல்வதற்குக் காரணமும் இதுதான்: கலங்கல் ஒளியைச் சிதறடிக்கிறது, சிதறிய ஒளியை உறிஞ்சப்பட்ட ஒளி என்றே கருவி எண்ணிக்கொள்கிறது. கரைசல் தெளிவாக உள்ளதா என்று அறிய 504 நானோமீட்டரிலும் ஓர் அளவு எடுக்கலாம். 540-இன் உறிஞ்சலை 504-இன் உறிஞ்சலால் வகுத்தால் தூய கரைசலில் 1.59 முதல் 1.63 வரை வரும். கலங்கல் இருந்தால் இந்த விகிதம் குறையும்.

தானியங்கி இரத்த அணு எண்ணிகளில் பல, சயனைடின் நச்சுத்தன்மையைத் தவிர்க்க சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற வினைப்பொருளைப் பயன்படுத்துகின்றன. இவற்றின் முடிவு, மேற்கோள் முறையில் மதிப்பிடப்பட்ட அளவுத்திருத்தக் கரைசலுடன் ஒப்பிட்டுப் பெற்ற காரணியால் பெருக்கப்படுகிறது. மாதிரி இல்லாத வினைப்பொருளின் உறிஞ்சலை, அதாவது பிளாங்க் அளவை, கருவி தானே எடுத்துக் கழிக்கிறது. வினைப்பொருளின் நிறத்துக்கும் கியூவெட் சுவரில் படிந்த கறைக்கும் இது ஈடு செய்யும். நோயாளியின் பிளாஸ்மாவில் உள்ள கலங்கலுக்கு ஈடு செய்யாது.

ஐயம் எழ வேண்டிய இடம்: எம்.சி.எச்.சி.

ஹீமோகுளோபினை ஹெமடோக்ரிட்டால், அதாவது இரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கால், வகுத்தால் கிடைப்பது எம்.சி.எச்.சி. (சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினின் சராசரிச் செறிவு). சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் அடங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே இந்த மதிப்பு டெசிலிட்டருக்கு 36.5 கிராமைத் தாண்டினால், மேலே உள்ள எண் கூடியிருக்கிறது அல்லது கீழே உள்ள எண் குறைந்திருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். பரம்பரைக் கோள அணு நோயில் உண்மையாகவே 36-க்கு மேல் செல்லும் என்பது உண்மையே. ஆனால் அதைக் கடைசியாகவே நினைக்க வேண்டும்.

முதலில் குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிமிர்த்தி வைத்த அல்லது சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய குழாயின் பிளாஸ்மாவுக்குப் பின்னால் அச்சிட்ட தாளொன்றைப் பிடித்தால், எழுத்துகள் தெரியாத அளவுக்குப் பால் போலிருக்கும் பிளாஸ்மா கொழுப்பைக் காட்டும்; சிவந்த பிளாஸ்மா சிவப்பணுச் சிதைவைக் காட்டும். பிளாஸ்மா தெளிவாகவே இருந்து, சிவப்பணு எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்து, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிக் கன அளவு) உயர்ந்திருந்தால், குளிர்ச்சியில் அணுக்கள் ஒட்டிக்கொள்வதே காரணமாக இருக்கும். அத்தகைய மாதிரியில் ஹீமோகுளோபின் சரியானதுதான், ஏனெனில் ஒட்டிய அணுக்களும் வினைப்பொருளில் உடைந்துவிடுகின்றன. தவறுவது எண்ணிக்கையும் ஹெமடோக்ரிட்டும். மாதிரியை 37 டிகிரி செல்சியஸில் சூடாக்கி உடனே மீண்டும் ஓட்டினால் எம்.சி.எச்.சி. இறங்கும். இங்கே ஹீமோகுளோபினைத் திருத்த முனைவது சரியான எண்ணைக் கெடுப்பதாகும்.

சிவப்பணுச் சிதைவிலும் இதே எச்சரிக்கை தேவை. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ அணுக்கள் உடைந்திருந்தால், மொத்த ஹீமோகுளோபின் மாறுவதில்லை; ஹெமடோக்ரிட்தான் குறைகிறது. அம்மாதிரியைத் திருத்த வழியில்லை, புதிதாகவே எடுக்க வேண்டும். வெள்ளையணுக்கள் மிக அதிகமாக உள்ள இரத்தப் புற்றுநோய் மாதிரிகளில், உடையாத வெள்ளையணுக் கருக்கள் கலங்கலை உண்டாக்கி ஹீமோகுளோபினை உயர்த்துகின்றன. ஆனால் அதே வெள்ளையணுக்கள் சிவப்பணு எண்ணிக்கையிலும் ஹெமடோக்ரிட்டிலும் சேர்ந்து எண்ணப்படக்கூடும் என்பதால் எம்.சி.எச்.சி. இயல்பாகவே தோன்றலாம். எனவே வெள்ளையணு எண்ணிக்கை லிட்டருக்கு 100 × 10⁹-ஐத் தாண்டிய எந்த மாதிரியிலும், எம்.சி.எச்.சி. எப்படி இருந்தாலும், டிராப்கின் கரைசலில் கலந்து, சுழற்றி, மேலே தெளிந்த நீரின் உறிஞ்சலை அளந்து ஒப்பிட வேண்டும்.

கொழுப்பு மிகுந்த மாதிரியைத் திருத்துதல்

திருத்தம் தெளிவாகவும் நேர்மையாகவும் செய்யக்கூடிய இடம் இதுவே. முதல் ஓட்டத்தின் எண்கள் அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியின் ஒரு பகுதியை வேறு குழாய்க்கு மாற்றிச் சுழற்றுங்கள். வெள்ளையணுப் படலத்தைத் தொடாமல் பிளாஸ்மாவை மட்டும் பிப்பெட்டில் எடுத்து, அதே கருவியில், அதே முறையில், இரத்தத்தைப் போலவே ஓட்டுங்கள். அங்கே தோன்றும் ஹீமோகுளோபின் எண், பிளாஸ்மாவின் கலங்கல் எவ்வளவு போலி ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது என்பதைக் கூறுகிறது. ஆனால் முழு இரத்தத்தில் பிளாஸ்மா ஒரு பகுதி மட்டுமே. எனவே அந்த எண்ணை ஒன்றிலிருந்து ஹெமடோக்ரிட்டைக் கழித்து வரும் விகிதத்தால் பெருக்கிய பிறகே கழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் ஓட்டத்தில் ஹீமோகுளோபின் 15.6, ஹெமடோக்ரிட் 0.40, சிவப்பணு எண்ணிக்கை லிட்டருக்கு 4.5 × 10¹². எம்.சி.எச்.சி. 39.0 என்று வருகிறது. இது இயலாத எண். பிளாஸ்மாவை மட்டும் ஓட்டியபோது 3.5 கிடைக்கிறது. கழிக்க வேண்டியது 3.5 × 0.60 = 2.1. திருத்திய ஹீமோகுளோபின் 15.6 − 2.1 = 13.5. இதை மீண்டும் 0.40-ஆல் வகுத்தால் எம்.சி.எச்.சி. 33.8, எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 34.7-இலிருந்து 30.0 ஆகிறது. திருத்தத்துக்குப் பின் எம்.சி.எச்.சி. இயல்பு எல்லைக்குள் வந்து நிற்பதே கணக்கு சரி என்பதற்கான உள்சான்று. வராவிட்டால் வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அந்நிலையில் எண்ணை வளைத்துப் பொருத்த முயலாமல், காரணத்தைத் தேட வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஹீமோகுளோபின் மட்டும் திருத்தப்பட்டு, எம்.சி.எச்., எம்.சி.எச்.சி. இரண்டும் பழைய எண்களிலேயே அறிக்கையில் போய்விடுவது அடிக்கடி நேரும் தவறு.

பிளாஸ்மாவை மாற்றீடு செய்வது இரண்டாம் வழி. அளந்த இரத்தத்தைச் சுழற்றி, பிளாஸ்மாவை அளந்து எடுத்துவிட்டு, அதே அளவு ஐசோடோனிக் கரைசலை (அணுக்களை வீங்கவோ சுருங்கவோ செய்யாத உப்புக் கரைசலை) ஊற்றி, மென்மையாகக் கலந்து ஓட்டுவது. எடுத்த அளவும் ஊற்றிய அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் முடிவு அப்படியே பிழையாகும். சரியாக மாற்றியதற்கு அடையாளம், சிவப்பணு எண்ணிக்கை முதல் ஓட்டத்துடன் ஒத்திருப்பது. இந்த ஓட்டத்திலிருந்து ஹீமோகுளோபினை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இதில் இழக்கப்பட்டிருக்கலாம்.

கையடக்கக் கருவிகளில் சில இந்தக் கழித்தலைத் தாமே செய்கின்றன. ஹீமோக்யூ வகைக் கியூவெட்டில் ஹீமோகுளோபின் அசைடு மெத்ஹீமோகுளோபினாக மாறுகிறது. 570 நானோமீட்டரில் அதை அளந்து, ஹீமோகுளோபின் ஏறத்தாழ உறிஞ்சாத 880 நானோமீட்டரில் கலங்கலை அளந்து கழித்துவிடுகிறது.

இரத்த வாயுக் கருவியின் ஹீமோகுளோபின்

இரத்த வாயுக் கருவிகளில் இரண்டு முற்றிலும் வேறான வழிகள் உண்டு. தம் ஆய்வகக் கருவி எந்த வழியைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கோ-ஆக்சிமீட்டர் உள்ள கருவி, அணுக்களை உடைத்துப் பல அலைநீளங்களில் உறிஞ்சலை அளக்கிறது. ஒவ்வோர் அலைநீளத்தின் உறிஞ்சலும் எல்லா ஹீமோகுளோபின் வகைகளின் பங்குகளின் கூட்டுத்தொகை என்பதால், அளவுகளைச் சமன்பாடுகளாக எழுதி ஒருங்கே தீர்த்து ஒவ்வொரு வகையின் செறிவையும் பெறுகிறது. அவற்றின் கூட்டலே மொத்த ஹீமோகுளோபின். தெரிந்த நிறமிகளின் வடிவத்தோடு பொருந்தாமல் மிஞ்சும் உறிஞ்சல் பெரிதாக இருந்தால் கருவி எச்சரிக்கை காட்டும். சாயம் செலுத்தப்பட்ட நோயாளியிடமும் கலங்கலான மாதிரியிலும் இது தோன்றும். அதைப் புறக்கணிக்கக் கூடாது.

மற்ற வகைக் கருவி ஹீமோகுளோபினை அளப்பதே இல்லை. மின்கடத்தலிலிருந்து ஹெமடோக்ரிட்டைக் கணித்து, அதன் விழுக்காட்டை 0.34-ஆல் பெருக்கித் தருகிறது. ஹெமடோக்ரிட் 30 எனில் ஹீமோகுளோபின் 10.2. புரதம் குறைந்த பிளாஸ்மா மின்சாரத்தை அதிகம் கடத்துவதால், திரவம் மிகுதியாக ஏற்றப்பட்ட நோயாளியிடமும் இதய அறுவை சிகிச்சையின்போதும் ஹெமடோக்ரிட் குறைவாகத் தோன்றி, ஹீமோகுளோபினும் கூடவே குறையும். எம்.சி.எச்.சி.-ஐ 34 என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு செய்யும் கணக்கு என்பதால், இதில் எம்.சி.எச்.சி. சோதனைக்குப் பொருளே இல்லை.

பிலிரூபின்: நிறத்தை மாற்றி அளப்பது

வேதிப்பகுப்பாய்வுக் கருவிகளில் பரவலாக உள்ளது டயசோ வினை. டயசோ உப்பு பிலிரூபினைப் பிளந்து அசோபிலிரூபின் என்ற நிறமியை உண்டாக்குகிறது. கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைந்து நீரில் கரையும் இணைந்த பிலிரூபின் உடனே வினைபுரியும். இணையாத பிலிரூபினை ஆல்புமினிலிருந்து விடுவிக்க காஃபீன் பென்சோயேட் போன்ற விரைவூக்கி தேவை. விரைவூக்கியுடன் பெறுவது மொத்த அளவு. இல்லாமல் பெறுவது நேரடி அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மறைமுக அளவு. 1938-இல் வெளிவந்த ஜெண்ட்ராசிக்–குரோஃப் முறையில் இறுதியில் கார டார்ட்ரேட் சேர்ப்பதால் நிறம் நீலமாகி, உறிஞ்சல் 600 நானோமீட்டர் அருகே நகர்கிறது. ஹீமோகுளோபின் அங்கே குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதே அந்த மாற்றத்தின் பயன்.

ஒவ்வொரு மாதிரிக்கும் டயசோ சேர்க்காத பிளாங்க் ஒன்றைக் கருவி எடுத்துக் கழிக்கிறது. இதனால் சீரத்தின் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரின்) சொந்த நிறம் நீங்குகிறது. ஆனால் சிதைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் செய்யும் கேடு நிறத்தால் மட்டும் வருவதன்று. டயசோ கரைசலின் நைட்ரைட், ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக ஆக்சிஜனேற்றும்போது, பிலிரூபினும் உருவான நிறமியும் கூடவே அழிகின்றன. அழிந்ததை எந்தப் பிளாங்க் கழித்தலாலும் மீட்க முடியாது; முடிவு குறைவாகவே வரும், நேரடி பிலிரூபினில் இது மிகுதியாகத் தெரியும். ஆகவே சிவந்த சீரத்தில் நேரடி அளவு குறைந்தும், கழித்துப் பெற்ற மறைமுக அளவு உயர்ந்தும் தோன்றினால், அதை நோயாளியின் நிலையாகப் படிக்கக் கூடாது.

நேரடி அளவு மொத்த அளவைவிட அதிகமாக வந்தால், மறைமுக அளவு எதிர்மறை எண்ணாகிறது. அமில வினைப்பொருளில் நோயாளியின் அசாதாரண இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) படிந்து கலங்கலாவது இதற்கு முக்கியமான ஒரு காரணம். வினையின் உறிஞ்சல் வரைகோட்டைத் திரையில் திறந்து பாருங்கள். சீராக ஏறி நிற்க வேண்டிய கோடு திடீரெனத் தாவியிருந்தால் படிவு உறுதியாகிறது. மாதிரியை உப்புக் கரைசலில் நீர்த்து மீண்டும் ஓட்டி, நீர்த்தலால் பெருக்கி ஒப்பிட வேண்டும்.

பித்தநாள அடைப்பு நீங்கிய பிறகும் நேரடி பிலிரூபின் மெதுவாகவே இறங்குவதற்கு, ஆல்புமினுடன் நிலையாகப் பிணைந்த டெல்டா பிலிரூபின் காரணமாகலாம். டயசோ முறையில் அது நேரடி அளவிலேயே சேர்கிறது. இணையாததையும் இணைந்ததையும் தனித்தனியே அளக்கும் உலர் வினைத்தகடுகளில், மொத்தத்திலிருந்து அவ்விரண்டையும் கழித்து டெல்டா கணக்கிடப்படுகிறது.

கருவி அறிக்கையிடும் சிதைவு, மஞ்சள், கலங்கல் குறியீடுகளும் இதே கழித்தல் முறையில் பிறந்தவை. 660, 700 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளங்களில் கலங்கல் முதலில் அளக்கப்படுகிறது. அதன் பங்கைக் கழித்து 570, 600 பகுதியில் ஹீமோகுளோபின் மதிப்பிடப்படுகிறது. இவ்விரண்டையும் கழித்து 480, 505 பகுதியில் மஞ்சள் நிறம் மதிப்பிடப்படுகிறது. முதல் படியின் பிழை கடைசிப் படி வரை செல்லும் என்பதால், கடுமையான கலங்கலில் மற்ற இரு குறியீடுகளும் தளர்கின்றன. மாதிரியை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யவே இக்குறியீடுகள் உள்ளன. சிதைவுக் குறியீட்டைச் சூத்திரத்தில் வைத்து பிலிரூபினை உயர்த்தி எழுதுவது ஏற்கத்தக்கதன்று.

பச்சிளங்குழந்தையின் பிலிரூபின்

பச்சிளங்குழந்தையின் சீரத்தில் உணவு வழி வரும் கரோட்டின் நிறமிகள் இல்லாததால், பிலிரூபினின் மஞ்சள் நிறத்தையே நேராக அளக்க இயலும். 455 நானோமீட்டரில் பிலிரூபினும் ஹீமோகுளோபினும் உறிஞ்சுகின்றன. 575-இல் பிலிரூபின் உறிஞ்சுவதில்லை, ஆனால் ஆக்சிஹீமோகுளோபின் 455-இல் உறிஞ்சும் அளவே உறிஞ்சுகிறது. முதலாவது 0.620, இரண்டாவது 0.080 எனில், பிலிரூபினுக்குரியது 0.540. இந்தக் கழித்தல் ஆக்சிஹீமோகுளோபினுக்கு மட்டுமே சரியானது; கலங்கலுக்குப் போதாது, ஏனெனில் சிதறல் குறுகிய அலைநீளத்தில் கூடுதலாக இருப்பதால், கழித்த பிறகும் ஒரு பகுதி மிஞ்சி முடிவை உயர்த்தும்.

இரத்த வாயுக் கருவி முழு இரத்தத்திலேயே பிலிரூபினை அளப்பது இன்னும் நுட்பமானது. ஹீமோகுளோபினின் மாபெரும் உறிஞ்சலின் சரிவில், 450 அருகே, பிலிரூபினின் சிறிய பங்கைப் பிரித்தெடுக்க வேண்டும். அது கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை: பிலிரூபின் பிளாஸ்மாவில்தான் இருக்கிறது, அணுக்களை உடைத்தபோது அது மொத்தக் கன அளவிலும் பரவிவிட்டது. எனவே கருவி, ஹீமோகுளோபினிலிருந்து ஹெமடோக்ரிட்டைக் கணித்து, ஒன்றிலிருந்து அதைக் கழித்து வரும் பிளாஸ்மா விகிதத்தால் வகுக்கிறது.

ஒரு குழந்தையின் ஹீமோகுளோபின் 18.7, முழு இரத்தத்தில் பரவிய பிலிரூபின் டெசிலிட்டருக்கு 5.4 மில்லிகிராம் என்க. எம்.சி.எச்.சி. 34 என்று கொண்டால் ஹெமடோக்ரிட் 0.55, பிளாஸ்மா விகிதம் 0.45, பிலிரூபின் 12.0. அக்குழந்தையின் உண்மையான எம்.சி.எச்.சி. 32 எனில் ஹெமடோக்ரிட் 0.584; பிலிரூபின் 13.0. ஒளி சிகிச்சை தொடங்கும் எல்லைக்கு அருகே ஒரு மில்லிகிராம் சிறியதன்று. ஹீமோகுளோபின் 10.2 உள்ள குழந்தையிடம் இதே வேறுபாடு 3 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையையே தரும், 18.7-இல் அது 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஹெமடோக்ரிட் உயர உயர வகுக்கும் எண் சிறுத்து, ஒவ்வொரு பிழையும் பெருகுகிறது என்பதே காரணம். ஆகவே இரத்தம் செறிந்த குழந்தைகளில் கருவியின் பிலிரூபின் முடிவு சிகிச்சை எல்லையை நெருங்கினால், சீரத்தில் டயசோ முறையால் உறுதிசெய்ய வேண்டும். மாதிரியை ஒளி படாமல் மூடியே கொண்டுசெல்ல வேண்டும். சிகிச்சை விளக்கின் கீழ் வைத்த குழாயிலும் பிலிரூபின் அழியும். அலகுகளை ஒப்பிடும்போது, டெசிலிட்டருக்கு மில்லிகிராமை 17.1-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மைக்ரோமோல் கிடைக்கும்.

இரு கருவிகளின் முடிவுகளுக்கு இடையே நிலையான வேறுபாடு இருந்தால், கருவியின் அமைப்பில் உள்ள பெருக்குக் காரணியையும் கூட்டுக் காரணியையும் மாற்ற இயலும். குறைந்த, நடுத்தர, உயர்ந்த அளவுகள் மூன்றையும் உள்ளடக்கிய நோயாளி மாதிரிகளை இரு கருவிகளிலும் உடனுக்குடன் ஓட்டி, வேறுபாடு எல்லா அளவுகளிலும் ஒரே போக்கில் உள்ளது என்று கண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும். ஒரு மாதிரியின் பொருந்தாமையைத் தீர்க்கக் காரணியைத் தொட்டால், அதன்பின் வரும் ஒவ்வொருவரின் முடிவும் அந்த ஒரு மாதிரியின் குறையைச் சுமக்கும். மாற்றிய நாள், பழைய காரணி, புதிய காரணி, மாற்றியவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, கட்டுப்பாட்டுக் கரைசல்களை மறுபடி ஓட்டி எல்லைக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டே அடுத்த நோயாளியின் மாதிரியைக் கருவியில் வைக்க வேண்டும்.